கொள்ளளவு

சிலிம் ரிவர் ஸ்டேஷனில் பத்தேகால் ரயில்
ஆறு பேரை இறக்கிவிட்டுப் போனது.
மலாவியிலிருந்து இருவர், ஸாம்பியாவிலிருந்து மூவர்,
கானாக்காரர் ஒருவர், அவருடைய பெட்டி மட்டும் எங்கேயோ.
பதாகையில் ஆப்பிரிக்காவை
ஒரே ஊர்போல எழுதி வைத்திருந்தோம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சிக்கோன்டி என்பவள் மட்டும் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் கூட்டுறவு எப்படி நடக்கிறதென்று
பார்க்க வந்திருக்கிறார்கள்.
அவரவர் நாட்டுச் சங்கங்களை நிமிர்த்த,
செய்ததைத் தாங்களே அளந்து பார்க்க,
எங்களிடம் எதையாவது எடுத்துப் போகலாம் என்று.
அதற்குக் கோலாலம்பூர்க்காரர்கள் வைத்திருந்த சொல் கப்பாசிட்டி.
தமிழில் என்ன சொல்வது என்றார் தலைவர் மாசிலாமணி.
ஜன்னலில் தெரிந்தது
பழைய தோட்ட நிர்வாகம் கட்டிய தண்ணீர்த் தொட்டி.
அதன் வயிற்றில் வெள்ளைச் சாயத்தில்
'கொள்ளளவு நானூறு காலன்'.
தோட்டம் கைமாறிய வருஷத்திலிருந்து
மைனாக்கள்தான் அதில் குடித்தனம்.
அந்தச் சொல்லையே எழுதிக்கொண்டேன்.

நான் பொருளாளர். பகலில்
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
குலையோடு வரும் லோரியை நிறுப்பேன்.
கொட்டிவிட்டுப் போகையில் மறுபடி நிறுப்பேன்.
கழித்தால் வருவதுதான் பழம்,
டிரைவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும்.
இதைச் சொன்னதும் கானாக்காரர்
எழுந்து நின்று கைதட்டினார்,
யாரோ இரவல் கொடுத்த பாத்தேக் சட்டையில்.

பிறகு தையல் வகுப்பு.
எங்கள் பெருமை. நாற்பத்திரண்டு பெண்கள்,
நாற்பத்திரண்டு சான்றிதழ்,
வண்ணப் படங்களோடு அறிக்கை.
சிக்கோன்டி கேட்டாள்:
மெஷின் பழுதானால் யார் பார்ப்பது?

மின்விசிறிச் சத்தம் கேட்டது.
பார்த்துக்கொண்டிருந்தவன் கதிரொளி.
பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம்.
அவன் விரல்களுக்குத் தெரிந்த எதுவும்
எங்கள் எந்தக் கோப்பிலும் இல்லை.
பின்னறையில் பதினோரு மெஷின்,
யாருடைய பிறந்தநாள் மேசைவிரிப்போ போர்த்திக்கொண்டு.
இப்போது தைக்கிறவர்கள் மூன்று பேர்.
அவரவர் வீட்டில், அவரவர் சொந்த மெஷினில்.
வகுப்புக்கு முன்னால் எத்தனை பேர் தைத்தார்கள்?
தெரியாது.
முதல் எடை போடாமல் உள்ளே விட்ட லோரி.
மேடையில் உட்கார்ந்திருந்தவள் நான்.

தலைவர் தேத்தண்ணீர் இடைவேளை என்றார்.

படிக்கட்டில் அவள் தன்னுடையதைச் சொன்னாள்.
அவள் மாவட்டத்தில் முப்பது அடிபம்பு.
பொருத்திய அன்றே 'இயங்குகிறது' என்று எழுதினார்கள்.
ஒரு வருஷம் கழித்துப் போனால்
ஒன்றில் ஆடு கட்டியிருக்கிறது.
வாஷர் தேய்ந்துவிட்டது. நாலு காசுச் சாமான்.
வாங்கிப் போடுவது யார் பொறுப்பென்று
ஊரில் எவருக்கும் தெரியவில்லை.
ஆட்டை எழுதினாயா என்றேன்.
"முதல் அறிக்கையில் இல்லை,
பணம் நின்றுவிடுமே."
கறிபாப்பைப் பிட்டு, மடியில் உதிர்ந்ததைத் தட்டினாள்.
இரண்டாவது அறிக்கையைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

மூன்று என்று எழுதினால்
அடுத்த வருஷ மானியம் என்னாவது என்றார் மாசிலாமணி.
நாற்பத்திரண்டு என்று எழுதினால்
அடுத்த வருஷமும் மேசைவிரிப்புதான் என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.
பென்சிலால் 42க்குப் பக்கத்தில் 3.
எதையும் அழிக்கவில்லை.

அவர்கள் ரயிலேறிய சனிக்கிழமை
கடைத்தெருவில் ஆ சோங்கிடம் நின்றேன்.
சங்க அலமாரியின் சாவி
பதினாறு வருஷமாக என் கைப்பையில் மட்டும்தான்.
பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.
இரண்டு மறுசாவி. ஒன்று குமாஸ்தா பிரமிளாவுக்கு,
ஒன்று உபதலைவருக்கு.
பன்னிரண்டு வெள்ளி, ரசீது இணைத்திருக்கிறேன்.
எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியாமல்
'கொள்ளளவு' என்று எழுதினேன்.
தணிக்கையாளர் கேட்பார். கேட்கட்டும்.

இரவு கதிரொளிக்குச் செய்தி அனுப்பினேன்:
தம்பி, மெஷினைக் கழற்றி மாட்டுவதை
ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, மெதுவாகக் காட்டு.
நீல டிக் இரண்டு விழுந்திருக்கிறது.
பதில் இன்னும் இல்லை.